கம்பெனி வயசு

என் ஆராய்ச்சி வாழ்க்கையின் முதல் பெரிய முடிவு ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. அந்த நாட்களில் ஒரு பட்டாசு ஆலையில் சரம் பின்னுகிற முப்பத்தொன்பது பெண்களின் வேலை, நான் தாளில் என்ன எழுதுகிறேன் என்பதைப் பொறுத்திருந்தது. அவர்களில் யாரும் என்னிடம் அப்படி ஒரு பொறுப்பை ஒப்படைக்கவில்லை. ஊசியும் ஐஸ் பெட்டியுமாகப் போய் நானே எடுத்துக்கொண்டது அது.

ஊரின் பெயரை எழுத மாட்டேன் என்று ஒருவருக்குச் சொல்லியிருக்கிறேன். சாத்தூரிலிருந்து அச்சங்குளம் பக்கம் போகும் பஸ் நிற்கிற ஊர்களில் ஒன்று என்பதோடு விட்டுவிடுகிறேன். காலம், இரண்டாயிரத்தில் தொடங்கிய பத்தாண்டின் கடைசிப் பகுதி.

நான் விருதுநகரில் மிளகாய் மொத்த வியாபாரம் செய்யும் முஸ்லிம் குடும்பத்துப் பெண். உயிரியலில் முதுகலை முடித்தபின் இரண்டு வருடம் ஒரு நாளிதழின் மாவட்ட அலுவலகத்தில் செய்தி எழுதினேன். எங்கள் மாவட்டத்தில் அந்த வேலைக்கு வருகிறவர் முதலில் பழகுவது விபத்துச் செய்தி. பெயர், அடைப்புக்குறிக்குள் வயது, ஊர். ஆலை தரும் பட்டியலில் ஒரு வயது இருக்கும். ஆஸ்பத்திரிப் பட்டியலில் வேறொன்று இருக்கும். இரண்டும் ஒத்துவராவிட்டால் ஆஸ்பத்திரி வயதைப் போடு என்பது அலுவலக வழக்கம். ஏன் ஒத்துவருவதில்லை என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. பக்கத்தை முடித்து அனுப்புகிற அவசரத்தில் அந்தக் கேள்விக்கு இடமில்லை. பிறகு அந்த வேலையை விட்டு, மதுரையில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்தேன். விட்டுவந்த வேலையில் தெரிந்திருந்த ஒன்றை, சேர்ந்த வேலையில் மறந்துபோனேன்.

எங்கள் ஆய்வகத்தின் பொருள் டெலோமியர். உயிரணுவுக்குள் இருக்கும் குரோமோசோம்களின் இரு நுனிகளிலும் உறை போட்டது போல இருப்பவை அவை. உயிரணு ஒவ்வொரு முறை பிரியும்போதும் கொஞ்சம் குட்டையாகும். மிகவும் குட்டையானால் உயிரணு பிரிவதை நிறுத்திக்கொள்ளும். முதுமை என்று நாம் சொல்வதில் ஒரு பங்கு இதுதான். புற்றுநோய் அணுக்கள் மட்டும் பெரும்பாலும் டெலோமரேஸ் என்ற நொதியை வைத்துக்கொண்டு, குறைந்த நுனியைத் திரும்பத் திரும்ப நீட்டிக்கொள்கின்றன. அதனால்தான் அவை நிற்பதே இல்லை. அந்த நொதியை முடக்கும் மருந்தைத் தேடுவதில் என் வழிகாட்டிப் பேராசிரியர் தன் வயதில் பெரும்பகுதியைச் செலவிட்டிருந்தார்.

அவரிடம் ஒரு கேள்வி இருந்தது. அலுமினியத் தூளும் கந்தகமும் பேரியம் உப்பும் கலந்த காற்றில் வருடக் கணக்காக வேலை செய்பவர்களின் ரத்த அணுக்களில் இந்த நுனிகள் என்ன ஆகின்றன? குட்டையாகியிருக்கும் என்பது எங்கள் ஊகம். பட்டாசு ஊர்களுக்குப் போய் வரத் தெரிந்தவள் என்பதால் வேலை எனக்கு வந்தது.

ஆலை நிர்வாகம் அரை நாள் அனுமதி கொடுத்தது. பருத்திச் சேலைதான் கட்டியிருக்க வேண்டும், செல்போனை வாசலில் கொடுத்துவிட வேண்டும், மருந்து கலக்கும் அறைகள் பக்கம் போகக் கூடாது. சாப்பாட்டுக் கொட்டகையில் வைத்து ரத்தம் எடுத்தோம். ஆலை அடையாள அட்டையைப் பார்த்து வயதை நான் குறித்துக்கொண்டேன். போர்மேன் கைகட்டி நின்று கவனித்தார். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிவப்புப் பேனா.

பெண்களில் ஒருத்தி வாயாடி. சரம் பின்னுவதில் அந்த ஆலையிலேயே வேகமானவள் என்று மற்றவர்கள் சொன்னார்கள். அட்டைப்படி வயது முப்பத்தொன்று. எதற்கு ரத்தம் என்று அவள்தான் கேட்டாள். நான் டெலோமியரைப் பற்றி முடிந்தவரை எளிமையாகச் சொன்னேன்.

“திரி மாதிரின்னு சொல்லுங்க. திரி குட்டையாப் போனா கையோட போயிரும்” என்றாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். “எங்களுக்கு எம்புட்டு மிச்சம் இருக்குன்னு வந்து சொல்லணும், டாக்டரம்மா. எடுத்துட்டுப் போனவுக யாரும் திரும்பி வந்ததில்ல.”

வந்து சொல்வதாக ஒப்புக்கொண்டேன்.

ஒப்பிட்டுப் பார்க்க, ஆலை வாசனையே படாத பெண்களின் ரத்தமும் வேண்டும். அதை விருதுநகரில் எங்கள் தெருவிலேயே எடுத்தேன். பள்ளிச் சான்றிதழ் வைத்திருந்த பெண்களை அம்மா வீடு வீடாகப் போய் அழைத்து வந்தார். பக்கத்து வீட்டு மாமி கையை நீட்டியபடியே, தன் மருமகளின் ரத்தத்தையும் எடுக்கச் சொன்னார். “கல்யாணம் பேசுனப்ப மூணு வயசு குறைச்சுட்டாகளோன்னு எனக்கு ஒரு சந்தேகம். நீயாவது அளந்து சொல்லு.” மருமகள் அடுப்படியிலிருந்தே, “அப்படியே மாமி வயசையும் அளந்துருங்க ராத்தா” என்றாள்; அக்காவை நாங்கள் ராத்தா என்போம். எல்லோரும் சிரித்தோம். ஒருவருடைய வயதை இதை வைத்துச் சொல்ல முடியாது, ஒரு கூட்டத்தை இன்னொரு கூட்டத்தோடுதான் ஒப்பிட முடியும் என்று நான் விளக்கினேன். ஒரு பெண்ணின் வயதைத் தேவைக்கேற்ப மாற்றிச் சொல்வார்கள் என்று அங்கே என் காதுபடப் பேசிக்கொண்டிருந்தது எனக்கு உறைக்கவில்லை.

முடிவு எக்ஸ்ரே பிலிமில் வரும். ஒவ்வொருவருக்கும் ஒரு கறுப்புத் தீற்றல். நுனிகள் நீளமானால் தீற்றல் மேலே நிற்கும், குட்டையானால் கீழே இறங்கும். ஆலைப் பெண்களின் தீற்றல்கள் மேலே நின்றன. ஒரே வயதுள்ள விருதுநகர்ப் பெண்களைவிட அவர்களின் நுனிகள் நீளமாக இருந்தன. திரும்பச் செய்து பார்த்தோம். அப்படியேதான் வந்தது.

பேராசிரியர் பிலிமை வெளிச்சப் பெட்டியில் வைத்து வெகுநேரம் பார்த்தார். ஆலை ரசாயனம் ஏதோ ஒன்று ரத்த அணுக்களில் டெலோமரேஸை எழுப்பிவிட்டிருக்கலாம் என்றார். அப்படியானால் இது புற்றுநோய்க்கான முதல் படியாக இருக்கலாம். அந்த நொதி எப்படி எழுகிறது என்பது தெரிந்தால் அதை முடக்கும் வழியும் தெரியலாம். எட்டு நாளில் ஒரு கருத்தரங்கம் இருந்தது. அதில் வாசிப்பதாக எழுதிப்போட்டார். முடிகிற தறுவாயில் இருந்த என் உதவித்தொகையை நீட்டிக்கவும் இதுவே காரணம் ஆகும் என்றார்.

மறுநாள் கோப்பைச் சரிபார்த்தபோது மூன்று ஒப்புதல் படிவங்களில் கைநாட்டு இல்லை. அதை வாங்க மறுபடியும் சாத்தூர் பஸ் ஏறினேன்.

நான் போனது சாப்பாட்டு நேரம். சீசன் என்பதால் அரை மணிதான் இடைவேளை. தூக்குச்சட்டிகளைத் திறந்து வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். வாயாடி எதிரே இருந்தவளைப் பார்த்து, “யக்கா, அந்த ஊறுகாயை இங்கிட்டுத் தள்ளு” என்றாள்.

“ஏன்டி, நாக்கு அம்புட்டு நீளமாப் போச்சா ஒனக்கு? காலையிலதான வாங்கித் தின்ன” என்றாள் அந்த அக்கா.

படிவத்தைத் தேடிக்கொண்டிருந்த என் கை நின்றது. அந்த அக்காவின் அட்டை வயது இருபத்தெட்டு. முதல்நாள் இரவுதான் பட்டியலைச் சரிபார்த்திருந்தேன். முப்பத்தொன்று, இருபத்தெட்டை அக்கா என்கிறது. இருபத்தெட்டு, முப்பத்தொன்றை ‘டி’ போட்டுப் பேசுகிறது.

உறவுமுறையாக இருக்கலாம் என்று நினைத்து, சொந்தமா என்று கேட்டேன். இல்லை, ஒரே தெரு என்றார்கள். அப்படியானால் ஏன் அக்கா என்று கேட்டேன்.

“மூத்தவள அக்கான்னு கூப்பிடாம வேற எப்படிக் கூப்பிடுவாக?” என்றாள் வாயாடி. “நான் சமைஞ்சப்ப எனக்குப் பூச்சடை தச்சு விட்டதே இந்த அக்காதான். கம்பெனிக்கு வந்த மூணாவது வருசம். லீவு கூடத் தரல, ரெண்டே நாள்ல திரும்ப வந்து...”

அவள் நிறுத்திக்கொண்டாள். அட்டையில் அவள் பதினெட்டு வயதில் வேலைக்குச் சேர்ந்ததாக இருந்தது. பதினெட்டில் சேர்ந்தவள் இருபத்தொன்றில் பெரியமனுஷி ஆக முடியாது. வட்டத்தில் ஒருவரும் சாப்பிடவில்லை. கொட்டகை வாசலில் போர்மேன் நின்றிருந்தார். கேட்டாரா என்று தெரியவில்லை.

திரும்பும் பஸ்ஸில் கணக்கு தானாகவே ஓடியது. பத்துப் பதினொரு வயதில் அவர்கள் வேலைக்கு வந்திருக்கிறார்கள். சோதனைக்கு யாராவது வந்தால் காட்டுவதற்காகப் பதினெட்டு என்று அட்டை எழுதியிருக்கிறார்கள். அன்று கூட்டிய ஏழெட்டு வயது இன்றும் அவர்களோடு வருகிறது. ஊறுகாய் அக்கா வளர்ந்தபின் வேலைக்கு வந்தவளாக இருக்க வேண்டும்; அதனால்தான் அவள் அட்டையில் அவ்வளவு கூட்டவில்லை. அவர்களின் நுனிகள் நீளமாக இருந்தது நொதியால் அல்லாமல் இருக்கலாம். அவர்கள் நான் நினைத்ததைவிடச் சின்னவர்கள், அவ்வளவுதான்.

சந்தேகம் மட்டும் போதாது. எல்லோருடைய உண்மை வயதும் வேண்டும். கருத்தரங்கத்துக்கு ஆறு நாள் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆலை விடுமுறை. ஊர்ச் சமுதாயக் கூடத்துக்குப் போய், வாயாடியை வீட்டிலிருந்து கூப்பிட்டு அனுப்பினேன். அவள் தனியாக வரவில்லை; ஊறுகாய் அக்காவையும் இன்னும் நாலைந்து பேரையும் கூட்டி வந்தாள். அன்றைய சிரிப்பு யாரிடமும் இல்லை. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தவறான வயதை வைத்து எழுதினால், உங்கள் ரத்தத்தில் புற்றுநோய்க்கான அறிகுறி இருப்பதாக ஊரறியச் சொன்னது போல ஆகும் என்றேன். அதுவும் பொய்யாகச் சொன்னது போல.

அவள் யோசித்துச் சொன்னாள். “அது கம்பெனி வயசு டாக்டரம்மா. வீட்டு வயசு வேற. பக்கத்துக் கம்பெனிக்கு ஒருக்க சோதனைக்கு ஆள் வந்தாக. ரேசன் கார்டுல ஒண்ணு, கம்பெனி கார்டுல ஒண்ணுன்னு இருந்த பொம்பளைகள ஒரே நாள்ல வெளியேத்திட்டாக. சின்னதுல வேலை வாங்குனது தெரிஞ்சிரக் கூடாதுல்ல. வாங்குனவுக உள்ள இருக்காக, நாங்க வெளிய.”

அவளுடைய கணவன் லோடு ஏற்றும்போது விழுந்து இடுப்பு ஒடிந்து வீட்டில் கிடந்தான். அதை அவள் சொல்லவில்லை, அக்கா சொன்னாள்.

வீட்டு வயதைச் சொல்வார்கள், ஆனால் பெயரோடு எங்கும் எழுதக் கூடாது என்பது ஒப்பந்தம். ரத்தம் பிடித்த கண்ணாடிக் குழாயின் எண்ணையும் வயதையும் மட்டும் குறிப்பதாகச் சொன்னேன். அவரவர் எண் அவரவர் படிவச் சீட்டில் இருந்தது. மதியத்துக்குள் ரத்தம் கொடுத்த பெண்கள் எல்லோரும் ஒவ்வொருவராக வந்துபோனார்கள்.

வயது என்று கேட்டால் யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. யாருக்கு யார் மூப்பு என்று கேட்டால் ஒரு தயக்கமும் இல்லை. ஒருத்தி தன்னைக் கொஞ்சம் இளமையாகச் சொல்லப் பார்த்தாள்; மூலையிலிருந்து, “அவளுக்கு என்னைவிட ரெண்டு தீவாளி கூட” என்று குரல் வந்தது. அவளும் தலையாட்டி ஒப்புக்கொண்டாள். இப்படி ஒரு வரிசை கிடைத்தது. அந்த வரிசையில் ஆண்டு தெரிந்த சிலரை ஆணி அடித்தது போல நிறுத்தினேன். இரண்டு பேரிடம் பள்ளி மாற்றுச் சான்றிதழ் இருந்தது. வாயாடி, “ஆனைக்குட்டத்துல அணைக்கு மண்ணு சொமந்தப்ப எங்கம்மா வயித்துல நான்” என்றாள். அந்த அணை வேலை எப்போது நடந்தது என்பது எனக்குச் செய்திக் காலத்திலிருந்தே தெரியும். அவளுக்கு இருபத்து நாலு. என்னைவிடச் சின்னவள். அதுவரை அவளிடம் நான் ஒரு மூத்தவளிடம் பேசுகிற பணிவோடு பேசிக்கொண்டிருந்தேன்.

கடைசி ஆள் சொல்லிக்கொண்டிருக்கும்போது போர்மேன் உள்ளே வந்தார். பெண்கள் எழுந்து சுவரோரம் போனார்கள்.

“ரத்தந்தான் எடுத்தாச்சே. ஞாயித்துக்கிளமையும் என்ன வேலை?” என்றார். பதில் சொல்வதற்குள் கையை நீட்டினார். நோட்டுப் புத்தகத்தைத் தராமல் இருந்தால் சந்தேகம் கூடும் என்று கொடுத்தேன்.

இரண்டு வரிசை எண்கள். அவர் விரல் வைத்து மேலிருந்து கீழே வந்தார். பெயர் ஒன்றுகூட இல்லை. ஆனால் வலப்பக்கத்து எண்கள் என்னவென்று தெரிய அவருக்குப் பெயர் தேவைப்படவில்லை. சட்டைப் பையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்தார். அடித்துவிடுவார் என்று நினைத்தேன். சுவரோரம் நின்ற வாயாடி சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள். விரல் நுனி வெளுத்துவிட்டது.

“இதுல ஒண்ணு தப்பு” என்றார் அவர். ஒரு வரியைக் காட்டினார். “இந்தப் பிள்ளை இன்னும் ஒரு வயசு சின்னது. நாந்தான் சேத்துவிட்டேன், எனக்குத் தெரியும்.” எண்ணைத் திருத்தினார். குழாய் எண்ணை வைத்து ஆளை எப்படிக் கண்டுகொண்டார் என்று கேட்டேன். ரத்தம் எடுத்த அன்று வரிசையில் நிறுத்தியதே அவர்தான் என்பதை நினைவூட்டினார். பிறகு நோட்டை மூடிக் கொடுத்தார்.

“என் கார்டுலயும் ஏளு வயசு கூடத்தான். அன்னைக்கு எல்லாரும் அப்படித்தான் வந்தோம்.” வாசல்வரை போய்த் திரும்பினார். “எங்க ஊர் பேரு எங்கனயும் வரக்கூடாது. வந்துச்சுன்னா, இவுகளுக்கு முன்னாடி நான் போவேன். அதுக்கப்புறம் இவுகளுக்காகப் பேச ஆள் இருக்காது.”

ஊர்ப் பெயரை எழுத மாட்டேன் என்று நான் சொன்னது அவருக்கு.

மதுரைக்குப் போய் வீட்டு வயதை வைத்துத் திரும்பக் கணக்கிட்டேன். ஆலைப் பெண்களுக்கும் எங்கள் தெருப் பெண்களுக்கும் இடையில் இருந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. நொதி இல்லை, அறிகுறி இல்லை, கண்டுபிடிப்பும் இல்லை. இன்னொன்றும் புரிந்தது. அட்டை வயதோடு அந்தப் படத்தை வெளியிட்டால், ஆலை சிறுமிகளை வேலைக்கு வைத்தது என்ற இதே இடத்துக்கு, விஷயம் தெரிந்த எவரும் ஒருநாள் வந்து சேரலாம். திருத்திய காரணத்தை விளக்கி வெளியிட்டால் இன்றே வந்து சேர்வார்கள். என் பழைய அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும், முதல் பக்கத்தில் மூன்று பத்தி வரும் செய்தி. தலைப்பு எனக்கே தோன்றியது. அது நல்ல தலைப்பு என்பதும் தெரிந்தது.

பேராசிரியரிடம் போனபோது கருத்தரங்கத்துக்கு மூன்று நாள். வயதுகள் தவறு என்றேன். எத்தனை பேருக்கு என்று கேட்டார். பெரும்பாலானவர்களுக்கு என்றேன். ஆதாரம் கேட்டார். அவர்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் முறை என்றேன். அவர் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை, ஆனால் அவர் இடத்தில் நானும் சிரித்திருப்பேன்.

“அக்கான்னு கூப்பிட்டாங்கன்னு சொல்லி நான் ஒரு முடிவை வாபஸ் வாங்க முடியாதும்மா” என்றார். ஆவணம் வேண்டும். ஆலைக்கு எழுதி, ஒவ்வொருவரின் பிறந்த தேதியையும் சான்றோடு உறுதிப்படுத்திக் கேட்கலாம். மேசை மேல் கடிதம் ஏற்கெனவே தயாராக இருந்தது. முந்தின நாள் நான் தொலைபேசியில் சந்தேகத்தைச் சொன்னதுமே தட்டச்சு செய்யச் சொல்லியிருக்கிறார். முப்பத்தொன்பது பெயர்கள், வரிசையாக, பக்கத்தில் அட்டை வயது. நிர்வாகத்தின் கைக்கு அது போய்ச் சேர்ந்தால் திங்கட்கிழமை அந்தக் கொட்டகையில் யார் இருப்பார்கள், யார் இருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அவர் பேனாவைத் திறந்தார்.

நான் கைநாட்டு வாங்கி வந்த படிவங்களில் ஒன்றை எடுத்து அந்தக் கடிதத்தின் மேல் வைத்தேன். அதில் ஐந்தாவது வரி: இந்த ஆய்வில் பங்கேற்பதால் உங்கள் வேலைக்கு எந்தப் பாதிப்பும் வராது. கீழே ஒரு பெருவிரல் ரேகை; மையோடு அலுமினியத் தூளும் ஒட்டியிருந்ததால் அது வெள்ளி போல மினுங்கியது. அதற்குப் பக்கத்தில் பேராசிரியரின் கையெழுத்து.

அவர் அந்த வரியைப் படித்தார். மறுபடியும் படித்தார் என்று நினைக்கிறேன், ஏனென்றால் ஒரு வரிக்கு அவ்வளவு நேரம் ஆகாது. பேனாவை மூடினார்.

“கடிதம் போனா என்ன ஆகும்?”

சொன்னேன். போர்மேனை மட்டும் சொல்லாமல்.

கருத்தரங்கத்துக்கு ஒரு வரி எழுதி அனுப்பினார்: வயதுப் பதிவுகளை உறுதிசெய்ய முடியாததால் கட்டுரை திரும்பப் பெறப்படுகிறது. பெயர்ப் பட்டியலை என்னிடம் கொடுத்து, அதை என்ன செய்வது என்பது என் விருப்பம் என்றார். அதன் பிறகு பல வாரம் என்னிடம் வேலையைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. உதவித்தொகை நீளவில்லை. பட்டத்தை வேறு தலைப்பில், ஊரிலிருந்து வெகுதூரத்தில் இருந்த ஆய்வகத்தில், தட்டில் வளர்க்கும் புற்றுநோய் அணுக்களை வைத்து முடித்தேன். டெலோமரேஸை முடக்கும் மருந்துகளை அந்த அணுக்களின் மேல் சோதிப்பதுதான் இன்றுவரை என் தொழில். அணுக்களுக்கு அட்டை கிடையாது. எத்தனை முறை பிரிந்தன என்பதை நானே எண்ணிக்கொள்ளலாம். மனித ரத்தம் வரும் ஆய்வுகளில் மட்டும், வயது எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று முதலில் கேட்கிறேன். புதிதாகச் சேர்பவர்கள் இதை என் பிடிவாதம் என்கிறார்கள்.

மதுரையை விட்டுக் கிளம்புமுன் ஒருமுறை அந்த ஊருக்குப் போனேன். தீபாவளி முடிந்து ஆலை ஓய்ந்திருந்த வாரம். வாயாடி வீட்டு வாசலில் கணவனைக் கட்டிலோடு வெயிலுக்கு நகர்த்திப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் இறுகியது. வேலை என்ன ஆயிற்று என்று கேட்கிற முகம்.

யாருக்கும் எந்தக் கடிதமும் போகவில்லை என்றேன். அவள் மூச்சு விட்டாள். உட்காரச் சொல்லி ஒரு பலகையை இழுத்துப் போட்டாள்.

“அப்ப எங்க ரத்தத்துல என்னதான் இருந்துச்சு? வந்து சொல்றேன்னீக.”

பயப்படும்படி ஒன்றுமில்லை, வயசுக்கு என்ன இருக்கணுமோ அதுதான் இருக்கு என்றேன்.

அவள் தெருவின் இருபுறமும் பார்த்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“எந்த வயசுக்கு?”